ரோசலி கடைக்கு முதல் ரேங்க்

12.7.88, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், கணக்கை ஒழுங்காப் போட்டும் விடை தப்பா வருமா?" வரும் என்றேன். எ.கா.: தையல்காரர் துளி பிசகாமல் தைக்கிறார், ஆனால் அளவுக்குக் கொடுத்தது அண்ணன் சட்டை. வகுப்பே சிரித்தது. இன்று அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது கம்ப்யூட்டரால்.

மாடியில் குடியிருக்கும் நெடுஞ்சாலை இன்ஜினியர் குமரவேல் தன் ஆபீசுக்கு அழைத்துப் போனார். போலீஸ் எழுதிய விபத்துக் கேஸ்களின் நகல் ஒரு கட்டு. கையெழுத்து அவருக்குப் புரியவில்லை. "விடைத்தாள் திருத்துன கண்ணுங்க டீச்சர். நீங்க படிங்க, நான் தட்டறேன்." கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே மார்கழிக் குளிர். ஏ.சி. மெஷினுக்காக, மனுஷருக்காக அல்ல. நாளைக்குச் சால்வை.

புரோகிராம் அவரே எழுதியது. விபத்து எந்தக் கிலோமீட்டர் கல்லருகே, எத்தனை சாவு, எத்தனை காயம். சாவுக்கு அதிக மார்க், காயத்துக்குக் குறைவு. கூட்டி, கற்களுக்கு ரேங்க். இந்த வருஷம் ஒரு இடத்தைச் சரிசெய்யத்தான் பணம். முதல் ரேங்க் கல்லுக்கு அது.

14.7, வியாழன்

தூறல் விட்டது. படித்துப் படித்துத் தொண்டை கட்டிவிட்டது. மிளகு வாங்க. மண்ணெண்ணெய்.

பிரிண்டர் அரிசி மில் மாதிரி இரைந்தது. முதல் ரேங்க்: தொப்பூர் கணவாய் அடிவாரம், ரோசலி கடை எதிரே உள்ள கல். ரோசலி என் தம்பி மனைவி. தம்பி இறந்த பிறகு அவளுக்கு அந்தச் சாப்பாட்டுக் கடைதான் எல்லாம்.

என்ன செய்யலாம் என்பதையும் மெஷினே சொல்கிறது: ஓரத்துக் கடையை அகற்று, ரோட்டை அகலப்படுத்து.

கு.வேல் முகம் சுருங்கியது. "உங்க சொந்தம்னு தெரியாதுங்க டீச்சர். ஆனா நான் என்ன பண்றதுங்க? அடுத்த வாரம் லிஸ்ட் சேலம் போவணும்."

அவர் சொல்வது நியாயம். செத்தவர்கள் நிஜம். இருந்தும் எங்கோ இடிக்கிறது. சொந்தக்காரி கடை என்பதால்தானோ?

16.7, சனி

நல்ல வெயில். பஸ்ஸில் தொப்பூர்.

ரோசலி குழம்புக் கரண்டியோடு நின்று கேட்டாள். "என்னுங்க அண்ணி, நீங்களே படிச்சுக் குடுத்தீங்களா? நல்ல நாத்தனாரு போங்க! மாமியாரு இருந்திருந்தாக்கூடக் கடையைப் புடுங்கியிருக்க மாட்டாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

அப்போதே மேலேயிருந்து இறங்கிய லாரி ஒன்று வந்து நின்றது. வேறொரு லாரியின் கிளீனரை அதிலிருந்து இறக்கினார்கள். தலையில் ரத்தம். ரோசலி கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டாள், தண்ணீர், பழைய துணி. பழகிய கை. பிறகு ஏட்டு வந்தார். "எந்த எடம்?" சுற்றி நின்றவர்கள் எல்லாரும்: "ரோசலி கடைங்க." எழுதிக்கொண்டார்.

ஆனால் இவனை மேலேயிருந்தல்லவா கொண்டுவந்தார்கள்? கட்டிலருகே குனிந்து கேட்டேன்: "தம்பி, உங்க வண்டி எங்கப்பா கவுந்துது?"

"மேல, புளியமரத்து வளைவுலங்கம்மா."

ரோசலி சொன்னாள்: பாரத்தோடு மேட்டில் ஏறுகிறவன் நடுவே நின்றால் மறுபடி கிளம்ப முடியாது. அதனால் இறங்குகிற வண்டிதான் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு வரும். கட்டிலும் தண்ணீரும் உள்ள இடத்தில் இறக்கும். அது இவள் கடை. வருஷக்கணக்கில் வழக்கம்.

கிளீனர் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போனான். பேச்சு தெளிவாக இருந்தது. பிழைப்பான்.

18.7, திங்கள்

மழை இல்லை, காற்று.

கு.வேல் முழுக்கக் கேட்டார். ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு கேஸை வச்சு மாத்த முடியாதுங்க. அதுவும் நீங்க சொல்லி மாத்தினேன்னா, டீச்சர் தம்பி பொண்டாட்டி கடைன்னு பேசுவாங்க." சுருக்கென்றது. என் மாணவன் இப்படிக் கேட்டிருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன் என்று பிறகு தோன்றியது.

புரோகிராமில் ஒரு கட்டம் கூட்டினார். 'அடிபட்ட இடம்' தனி, 'இறக்கிய இடம்' தனி. அதை நிரப்ப ஜீப்பில் இருவரும் தொப்பூர். வளைவில் தடுப்புச் சுவர் பாதிதான் மிச்சம். காலடியெல்லாம் கண்ணாடித் தூள். கு.வேல் குனிந்து கொஞ்சம் அள்ளிப் பார்த்தார்.

கடை பெஞ்சில் ஏட்டு. நான் கேஸ் கேஸாகப் படித்தேன்.

"மேல." "மேல." "அட, இதுவும் மேலதாங்க."

"ஏங்க, இதை மொதல்லயே எழுதியிருக்கலாமே?" என்றார் கு.வேல்.

"ஆளு கெடந்த எடத்தை எழுதினோமுங்க சார். ரோசலி கடைன்னா மேல நடந்துதுன்னு இந்தப் பக்கம் ஆடுமாட்டுக்கே தெரியும். உங்க மெஷினு தொப்பூர்க்காரனா என்ன?"

கு.வேலே சிரித்துவிட்டார். அடுத்தது பால்காரர் ஒருவரின் கேஸ். ஏட்டு சிரிப்பை நிறுத்தினார். "இது இங்கதாங்க. டீக்கு நிறுத்துன லாரி, பாதி ரோட்டுமேல. சைக்கிள்ல வந்தவரு பின்னால மோதிட்டாரு. போய்ட்டாரு."

ரோசலி கேட்டுக்கொண்டே இருந்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கு.வேல் என்னைப் பார்த்தார். "எழுதிக்குங்க, கீழ" என்றேன். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

20.7, புதன்

மப்பு. சால்வை மறந்து போய் நடுங்கினேன்.

புது பிரிண்ட். முதல் ரேங்க் புளியமரத்து வளைவு. புதுத் தடுப்புச் சுவர், எச்சரிக்கைப் பலகை. கடைக் கல் கீழே இறங்கியது, லிஸ்டை விட்டுப் போகவில்லை. கடை இருக்கலாம். முன்பந்தலைப் பிரித்து, லாரி ரோட்டை விட்டு ஒதுங்கி நிற்க இடம் விட வேண்டும்.

சாயங்காலம் ரோசலி வீட்டுக்கே வந்துவிட்டாள். "கடை தப்பிச்சுது, பந்தலு போச்சு. உங்க மெஷினு என்னைச் சும்மா வுடாதுங்களா அண்ணி?" காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. பிறகு: "அந்தப் பால்காரருக்கும் நாந்தான் தண்ணி குடுத்தேன். உள்ள எறங்கல."

நாளைக்கே பந்தல் பிரிக்க ஆள் சொல்லிவிட்டாளாம்.

21.7, வியாழன்

மறுபடி தூறல். பென்னாகரம் ரோட்டுக் கேஸ்கள் தொடங்கின. முதல் தாளிலேயே இடம்: 'ஆஸ்பத்திரி அருகில்'. கு.வேல் தட்டாமல் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

இதை யாராவது படிக்க நேர்ந்தால்: உங்கள் ஊரில் அடிபட்ட ஒருவரைப் பற்றிப் பேச்சு வரும்போது, அவர் எங்கே கிடந்தார் என்று கேட்டதோடு விடாமல், எங்கே விழுந்தார் என்றும் கேட்டுப் பாருங்கள்.