வட்டியில்லாத சோபா

அன்புள்ள யுர்கிதா,

ஊரில் நீயும் நம் குழந்தை உக்னேயும் நலமா? இங்கே கார்க் நகரில் எனக்கு ஒரு குறையுமில்லை.

சனிக்கிழமை சோபா பார்க்கப் போனேன். நாலு வருடத் தவணை, வட்டியே கிடையாது என்றான் கடையின் விற்பனையாளன் டெர்மட். முன்பின் தெரியாதவனுக்கு எவன் சும்மா கடன் கொடுப்பான்?

"ஒரு தவணை தப்பிப்போச்சுன்னா?"

"அதெல்லாம் தப்பாது சார். டீ ஆறிடப்போகுது, குடிங்க!"

நான் டீயைத் தொடவில்லை. மறுபடி கேட்டேன்.

"தப்பினா மட்டும்தான்... முதல் நாள்லேர்ந்து வட்டி போடுவாங்க" என்று முனகினான்.

சந்தேகப்பட்டது சரிதான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தபோது அவன் கேட்டான்: "நாலு வருஷமும் இங்கதானே இருப்பீங்க? வீட்டுக்காரம்மா வந்துடுவாங்கல்ல?"

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

கறுப்பு ரொட்டியும் கம்பளிக் காலுறையும் அனுப்பு. இங்கே வருவதைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொரு முறையும் "பார்க்கலாம்" என்கிறாய். கோபப்படாதே, அந்த வார்த்தையையும் என்னால் நம்ப முடியவில்லை. வருவதாக இருந்தால் மூவர் உட்காரும் சோபா வாங்குகிறேன். இல்லையென்றால் எனக்கு ஒரு நாற்காலி போதும். எதுவானாலும் நேராகச் சொல்லிவிடு.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் ரிம்விதாஸ்