கேட்டவருக்கே தெரிந்த பதில்

மார்ச் 6, 2018

காலை முழுக்க மழை. நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் கண்ணாடித் துடைப்பான் பாதி வழியில் படுத்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

மாலையில் சபை மூப்பர் யூரோவ் பியூ என் வீட்டுக்கு வந்தார். எங்கள் பெனியேல் சபையின் பழைய போதகர் தியோஃபிலஸ் பெப் அமெரிக்காவுக்குக் கப்பலேறி இந்த வருடத்தோடு நூற்றைம்பது ஆண்டு. ஆகஸ்டில் விழா, சுவரில் கல்வெட்டு. "நெஸ்டா, இந்தப் பள்ளத்தாக்குல பாதிப் பேரோட வம்சத்தை நீதான் தோண்டி எடுத்திருக்கே. போதகரோட வாரிசு யாராவது இருந்தா கண்டுபிடிச்சுக் கொடும்மா. திரையை அவங்களே விலக்கட்டும்."

சரி என்றுவிட்டேன். பெப் யார் என்று இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். நிலப்பிரபுவுக்கும் அவருடைய அரசாங்கத் திருச்சபைக்கும் பணியாதீர்கள் என்று குத்தகைக்காரர்களை நிமிர வைத்தவர். அதற்காகத்தான் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார் என்று ஞாயிறு பள்ளியில் படித்தோம்.

மார்ச் 7

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். லெய்சா.

என் எள்ளுப்பாட்டி லெய்சா ஜார்மன், பெப் வீட்டில் வேலைக்கு நின்றவள். பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானாள். ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் அவளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். பெப் பீடத்திலிருந்தபடியே கேட்டார்: "தகப்பன் யார்?" அவள் வாய் திறக்கவில்லை. சபையிலிருந்து நீக்கினார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. என் அப்பா, பெனியேல் சபைக்காரியான அம்மாவைக் கட்டிய பிறகுதான் எங்கள் குடும்பத்தில் ஒரு ஆள் மறுபடி பெனியேல் படி ஏறியது.

யாரோ பண்ணையாள் என்று நினைத்து விட்டுவிட்டோம். ஊர் முழுக்க வம்சம் வரைந்த எனக்கு, என் மரத்தில் அந்த இடம் மட்டும் இன்னும் காலி.

ஏப்ரல் 11

பெப்பின் மரம் முடிந்தது. இங்கே அவருக்கு ரத்த சொந்தம் யாருமில்லை. வடக்கே எங்கிருந்தோ தனியாக வந்தவர், சிறு வயதில் தகப்பனை இழந்தவர், கூடப்பிறந்த ஆணும் கிடையாது. பென்சில்வேனியாவில் நம் ஊர்ச் சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பிரசங்கம் செய்து, அந்நாட்டுப் பெண்ணை மணமுடித்து, ஒரே மகள். அந்த மகளின் பேத்தி லொரெய்ன் இன்னும் ஸ்க்ரான்டன் நகரத்தில் இருக்கிறார். ஓய்வுபெற்ற செவிலி.

யூரோவ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஒரு ஓட்டை இல்லாத மரம்" என்றார்.

ஏப்ரல் 15

லொரெய்னோடு தொலைபேசியில் பேசினேன். நல்ல சிரிப்பு. பேச்சின் நடுவில், "எங்க பாட்டி பேரை எப்படிச் சொல்றதுன்னே எங்களுக்குத் தெரியாது. எழுத்துக்கூட்டிச் சொல்றேன், நீங்க சொல்லிக் கொடுங்க" என்றார்.

லெய்சா.

சரியான உச்சரிப்பை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். இருக்கலாம். ஊரில் ஆயிரம் லெய்சா இருந்திருப்பார்கள். அப்படியென்றால் நான் ஏன் அந்தப் பேரை உடனே தாளில் எழுதி வட்டம் போட்டேன்?

லொரெய்ன் மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறாராம். நானும் தம்பி இஸ்ல்வினும் எச்சில் துப்பி அனுப்பப் போகிறோம். "உலகத்துலயே நீ ஒருத்திதான் அக்கா, துப்புறதுக்குக் காசு கட்டுறவ" என்றான்.

மே 30

வந்துவிட்டது. லொரெய்ன் எங்கள் இருவருக்கும் ரத்த உறவு. பெப்தான் லெய்சாவின் பிள்ளைக்குத் தகப்பன் என்றால் வர வேண்டிய தூரமும் சரியாகப் பொருந்துகிறது.

அப்போ அவருக்குத் தெரியும். பீடத்துல நின்னுக்கிட்டு, அத்தனை பேர் முன்னாடி, அந்தப் பொண்ணு மூஞ்சியப் பார்த்து — யாருன்னு கேட்டாரே. கேட்ட ஆளுக்கே பதில் தெரியும். அவளும் அவரைப் பார்த்துக்கிட்டேதானே நின்னிருப்பா? வாயத் திறந்திருந்தா ஒரே வார்த்தை. ஏன் சொல்லல? பயமா? பாசமா? சொன்னாலும் நம்பமாட்டாங்கன்னா?

நிலப்பிரபு முன்னால் குனியாதவர். அதுவும் உண்மைதான். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

ஜூன் 3

ஆராதனைக்குப் பின் சபைக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். இரண்டே இரண்டு கேட்டேன். லெய்சாவைச் சபை மறுபடி அங்கத்தினராக ஏற்க வேண்டும். கல்லில் அவள் பெயரும் வர வேண்டும்.

யூரோவ்: "வேற யாராவது பெப்பா இருக்கக் கூடாதா?"

"வேற பெப்பே கிடையாது. நீங்கதானே ஓட்டை இல்லாத மரம்னு சொன்னீங்க?"

"எல்லாரும் செத்து மண்ணாயிட்டாங்க நெஸ்டா. இப்ப யாருக்கு என்ன லாபம்?"

"அப்ப அவருக்கு மட்டும் எதுக்குக் கல்லு?"

கை தூக்கச் சொன்னார்கள். தோற்றேன். எனக்காகக் கை தூக்கியவர்களில் மேனாவும் ஒருத்தி. நாற்பது வருடமாக விழாக்களுக்குத் தேநீரும் பழ ரொட்டியும் அவள் பொறுப்பு. வெளியே வந்ததும், "விழாவுக்கு ரொட்டி வேணும்னா யூரோவே சுடட்டும்" என்றாள்.

ஜூன் 10

கோவிலுக்குப் போனேன். வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தேன். நீக்கினால் நீக்கட்டும். நானாகப் போக மாட்டேன்.

ஆகஸ்ட் 21

லொரெய்ன் வந்துவிட்டார். சமையலறை மேசையில் எல்லாம் சொன்னேன். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வருத்தப்பட்டிருப்பார். அதனாலதானே மகளுக்கு அந்தப் பேரை வச்சார்?"

"வருத்தத்தையும் பேரையும் கப்பல்ல ஏத்திக்கிட்டார். பிள்ளையை இங்க விட்டுட்டார்."

சொல்லியிருக்கக் கூடாதோ? வயதானவர், கடல் தாண்டி வந்தவர். இல்லை. சொன்னது சரிதான்.

ஆகஸ்ட் 22

லெய்சாவைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போனேன். பெனியேல் இடம் தராததால் அரசாங்கத் திருச்சபையின் வேலியோரம் புதைத்தார்கள், அதாவது நிலப்பிரபுவின் ஆட்கள் பக்கத்தில். கல் கிடையாது, புல்தான். லொரெய்ன் அங்கேயே மண்டியிட்டுக் காஞ்சொறிச் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். கை வீங்கிவிட்டது. "விடுங்க" என்றேன். விடவில்லை.

ஆகஸ்ட் 25

விழா. இரண்டு பக்கத்து ஊர்களின் பாடகர் குழு, உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், கூட்டம். யூரோவ் பெப்பைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். திரைக்கயிற்றை லொரெய்ன் கையில் கொடுத்தார்.

லொரெய்ன் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பிறகு மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தச் சபையில எங்க பாட்டியோட அப்பா ஒரு கேள்வி கேட்டாராம். அதுக்குப் பதில் நான்தான், இவங்கதான்" என்று என்னைக் காட்டினார். "அந்தப் பொண்ணு பேரு இல்லாத கல்லை நான் திறக்க மாட்டேன்."

கயிற்றை யூரோவ் கையிலேயே திருப்பித் தந்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். யூரோவுக்கு இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. யாரோ பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.

தேநீர் இல்லை.

ஆகஸ்ட் 29

லொரெய்னை ரயிலேற்றினேன். பெட்டியில் மேனாவின் பழ ரொட்டி இரண்டு.

செப்டம்பர் 16

திரை இன்னும் விலக்கப்படவில்லை. பிரசங்கம் கேட்கிற யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அக்டோபர் 9

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, நிறுத்தத்தில் யூரோவ் குடையோடு நின்றிருந்தார். ஏறவில்லை. படிக்குக் கீழே நின்றே பேசினார்.

"ஞாயித்துக்கிழமை மறுபடி கை தூக்கப் போறோம். எண்ணிப் பார்த்துட்டேன், இந்தத் தடவை வந்துரும்." கொஞ்சம் இருமினார். "கல் வெட்டுறவர் ஜார்மனுக்கு எழுத்து எப்படின்னு கேக்குறார்."

சொன்னேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"கீழே கொஞ்சம் சின்னதாப் போட்டா இடம் பத்தும்."

"அவர் பேரு எவ்வளவு பெருசோ, அவ்வளவு."

மழையைப் பார்த்தார். "புதுக் கல்லுதான் வாங்கணும் அப்ப" என்றார். கதவைத் திறந்தே வைத்திருந்தேன். ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். அவர் வீட்டுவாசலில் இறக்கிவிட்டேன்.