அமாவாசை லீவு

பிள்ளையார்பாளையம்,
26-2-71

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஏலவார்குழலி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அத்தை மட்டும் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. உங்களுக்குக் கடிதம் எழுதித்தர அவர் ஆள் தேடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்று அமாவாசை, தறிக்கு லீவு. மாமா புடவையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலுக்கு நாடாக் கட்டையைத் தள்ளுகிறவள் நான். ஆனால் லீவு வந்தால் மாமா கடைத்தெருவுக்குப் போகிறார். நீங்கள் இங்கே நெய்தபோது மேட்னி போனீர்கள். நான் ஆறு வருஷமாக உளுந்து அரைக்கிறேன். நேற்று விடியலிலேயே சோறு, குழம்பு, பாயசம் எல்லாம் செய்து வைத்துவிட்டு, "அத்தே, படையல நீங்க போட்டுடுங்க. நான் வாலாஜாபாத் போயிட்டு சாயங்காலம் வந்துடறேன்" என்றேன். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். வடை சுடவில்லை. சுட்டிருந்தால் பத்து மணி ஆகியிருக்கும்.

நர்ஸ் அம்சவேணியிடம் லேடீஸ் சைக்கிளை இரவல் வாங்கிப் போனேன். கல்யாணத்துக்கு முன் ஏனாத்தூர் ஏரிக்கரையில் பழகியது, கால் மறக்கவில்லை. ஐயம்பேட்டையிலும் தறிச் சத்தமே இல்லை. அதைத் தாண்டி ஒரு கனகாம்பரத் தோட்டம். பம்புசெட்டில் முகம் கழுவினேன். தோட்டக்கார அம்மா ஒரு கை பூ கொடுத்து, "வழியில நாய் இருக்குது, பெல் அடிச்சிக்கினே போம்மா" என்றாள். வாலாஜாபாத் பூங்காவில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தேன். ஒரு பெரியவர், "யார்கூட வந்தே?" என்றார். "சைக்கிள்கூட" என்றேன்.

ஆறு வருஷமாக ஒரு சாண் கரையையே பார்த்த கண்ணுக்கு அங்கே எவ்வளவு பச்சை! எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான்.

சித்திரையில் அம்பத்தூரில் வீடு பிடித்து அழைத்துப்போவதாகச் சொன்னீர்களே, அங்கே பக்கத்தில் பூங்கா உண்டா?

ஏலவார்குழலி

---

அம்பத்தூர்,
6-3-71

குழலிக்கு,

உன் கடிதத்துக்கு முன்பே அம்மாவின் கடிதம் வந்துவிட்டது. படையலில் வடை இல்லையென்று அப்பா பாதி இலையில் எழுந்துவிட்டாராம். ஐயம்பேட்டை துரைக்கண்ணு உன்னை ரோட்டில் பார்த்துவிட்டு, "தணிகாசலம் பொண்டாட்டி பெல் அடிச்சிக்கினு போவுது" என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறான். எனக்குத் தலைகுனிவு. நான் ஊரில் இல்லாத தைரியமா?

அம்மா காலில் விழுந்து மன்னிப்புக் கேள். இனி சைக்கிளைத் தொடமாட்டேன் என்று எனக்கு எழுதிப்போடு. அப்புறம்தான் சித்திரையில் வீடு. இல்லையென்றால் அங்கேயே இரு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தணிகாசலம்

---

பிள்ளையார்பாளையம்,
14-3-71

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. தொடை வலி மூன்றே நாளில் போய்விட்டது.

வடைக்காக அத்தையிடம் வருத்தம் சொன்னேன். மறுநாள் சுட்டும் கொடுத்தேன், மாமா நாலு சாப்பிட்டார். ஆனால் போனதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். மேட்னி பார்த்து வந்த உங்களை யாராவது யார் காலிலாவது விழச் சொன்னார்களா? தறிக்கு லீவு என்றால் அதில் உட்காருகிற இரண்டு பேருக்கும் லீவு. இதை மாமாவிடமே சொல்லிவிட்டேன். அவர் நாடாவை என் பக்கம் தள்ளினார்.

அம்பத்தூர் வீடு எனக்கு ஆசைதான், ரொம்ப ஆசை. அங்கே கொண்டுபோக இரண்டு தம்ளர்கூட ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஆனால் சைக்கிளைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் அந்த வாசலை மிதிக்கவேண்டும் என்றால், தம்ளர் இரண்டும் பரணிலேயே கிடக்கட்டும்.

வருகிற 26ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, அடுத்த அமாவாசை. மாகறலுக்குப் போகிறேன். சிவன் கோயில் பார்த்துவிட்டு, வழியில் எந்தத் தோப்பு பிடிக்கிறதோ அங்கே சாப்பாடு. வியாழக்கிழமையே பஸ் ஏறி வந்தால் நீங்களும் வரலாம். பின்னால் கேரியர் இருக்கிறது. நான்தான் மிதிப்பேன், துரைக்கண்ணு கண் நிறையப் பார்க்கட்டும். கம்பெனியில் லீவு எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்புவேன். வாசலில் நின்று பெல் அடிப்பேன், ஒரே ஒரு தடவை.

ஏலவார்குழலி