பச்சை நூல் தைத்த சேட்டு

இயேசு மரி சூசை

மயிலிட்டி,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து.

அன்பு மகன் கிறிஸ்ரிக்கு,

சின்னம்மா எழுதுவது. நானும் சித்தப்பாவும் ஆண்டவர் தந்த அளவில் சுகமாக இருக்கிறோம். பிரான்சில் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பேனை பிடித்துக் கன காலம், எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினையாதே. நீ போன் எடுக்கிறாய் இல்லை. வாட்ஸப்பில் நான் கதைத்து அனுப்புகிறதையும் கேட்கிறாய் இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வந்த றஜிதா வருகிற கிழமை பாரிசுக்குத் திரும்பிப் போகிறாள். அவளிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கிழிக்கிறதென்றாலும் வாசித்துவிட்டுக் கிழி.

இங்கே மழை விட்டும் விடாமலும் பெய்கிறது. கிணறு முட்டிவிட்டது. சித்தப்பாவின்ரை முழங்கால் இன்னும் அப்படியேதான், தைலம் போட்டுப் போட்டு வீடு முழுக்க ஆஸ்பத்திரி மணம். கோயிலுக்கு ஓடு மாற்றுகிறார்கள். பழைய ஓட்டில் நாலைந்து எங்கடை கோழிக்கூட்டுக்கு வந்து சேர்ந்தது, பாதரைக் கேட்டுத்தான் எடுத்தேன். நீ ஆசையாய்க் கேட்கிற கருவாடு போடலாமென்றால் வெயில் இல்லை.

நீ மாசியில் வரப்போவதில்லை என்றும், இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்றும் றஜிதாவிடம் சொன்னாயாம். அவள் சொல்லப் பயந்து பயந்துதான் சொன்னாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இந்திய மீனவர்களைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனதை யாரோ போனில் பிடித்துப் போட்டதை நீ பார்த்தாய். அதில் ஒருத்தன் உன்ரை தம்பி ஜெனிஸ்ரனின்ரை சேட்டோடு நின்றான். நீ அனுப்பின அந்த மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட சேட்டு. பொக்கற் கிழிந்ததற்கு நான் வலை பொத்துகிற பச்சை நூலால் தைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு நீ வீடியோவில் விழுந்து விழுந்து சிரித்தாய். ஜெனிஸ்ரன் உனக்குக் காட்டவென்றே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். அந்தப் பச்சை நூலைக் கண்டுதான் உனக்கும் விளங்கியிருக்கும்.

ஓம் மகன், நான்தான் கொடுத்தேன். எப்படியென்று சொல்லுகிறேன், கேள்.

மார்கழியில் ஒரு விடியக்காலை பாண் வாங்கப் போனேன். துறைமுகத்தில் நேவி வலையை இழுத்துக்கொண்டு போகிற இந்திய றோலர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டியிருந்தது. பிடிபட்டவர்களை மழையிலே நிலத்தில் வரிசையாக இருத்தியிருந்தார்கள். எல்லாரும் தொப்பலாய் நனைந்திருந்தார்கள், சிலருக்கு மேலுக்கு ஒன்றுமில்லை. பல்லுக் கிடுகிடுக்கிற சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. கடலில் நனைந்து ஆர் கரைக்கு வந்தாலும் எங்கடை ஐயா கொடியில் கிடக்கிற சாறத்தை உருவிக் கொடுத்துவிட்டுத்தான் எந்த ஊர், என்ன பேர் என்று கேட்பார். உன்ரை அம்மாவும் நானும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். பாணை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

முதலில் சித்தப்பாவின்ரை உடுப்பைத்தான் அள்ளிக்கொண்டு போனேன். இதையும் எழுதவேண்டும், ஏனென்றால் அதைக் கொடுத்திருக்கலாமே என்றுதான் நீ கேட்பாய். அவரின்ரை சாறம் எல்லாம் போய்விட்டது. அவரின்ரை காற்சட்டைக்குள் இரண்டு பேர் நிற்கலாம், அதையும் ஒருத்தன் கயிறு கட்டி உடுத்தான். கடைசியில் ஒருத்தன் மிஞ்சினான். நல்ல உயரம். தோள் இரண்டும் எலும்பாய் நீட்டிக்கொண்டு இருந்தது. அவனுக்கு அளவானது எங்கடை வீட்டில் ஒருத்தன்ரை உடுப்புத்தான் இருந்தது. திரும்ப வீட்டுக்கு வந்து அலுமாரியின் நடுத்தட்டைத் திறந்தேன். சித்தப்பா கதவடியில் நின்று பார்த்தார். தடுக்கவும் இல்லை, எடு என்று சொல்லவும் இல்லை.

துறைமுகத்தில் நின்ற மீன்பிடி அதிகாரி, "அம்மா, கெதியாக் குடுத்திட்டுப் போங்கோ," என்றார். அவன் உடுத்துக்கொண்டு அந்தப் பொக்கற்றைத் தடவிப் பார்த்தான். பேர் சந்தியோகு, தங்கச்சிமடம், றோலரில் நாட்கூலி என்று பிறகுதான் அறிந்தேன். "யாரோட சட்டைம்மா?" என்று கேட்டான்.

"என்ரை பெடியன்ரை," என்றேன்.

"அவரு கேக்க மாட்டாரா?"

"இல்லை. கேக்க மாட்டான்."

அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன்.

எனக்கு இரக்கம் வந்து உருகினேன் என்று நினையாதே. ஒன்றும் வரவில்லை. கோபமும் வரவில்லை. போன மாசியிலிருந்து எனக்கு அப்படித்தான். ஜெபமாலை சொல்லுகிறேன், வாய் சொல்லுகிறது. சமைக்கிறேன், உப்புக் கூடவோ குறையவோ தெரிவதில்லை, சித்தப்பாவும் சொல்லுவதில்லை. பாதர் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் என்னைத்தான் சொன்னார், பகைவரை நேசித்த தாய் என்று. எனக்குக் கூச்சமாய்ப் போயிற்று. பெண்கள் கூட்டத்தில் அதைப்பற்றிக் கதைக்கக் கேட்டார், மாட்டேன் என்றேன். மன்னித்தேனோ என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் உடுப்பில்லாதவனுக்கு உடுப்புக் கொடு என்று ஆண்டவர் சொன்னதைச் செய்ய மனசு வேண்டாம் மகன், உடுப்பு இருந்தால் காணும்.

ஊரும் உன்னைப்போலத்தான். றோலரால் வலையெல்லாம் அறுபட்டுக் கிடக்கிற இரத்தினம்மா மீன் சந்தையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள், "லூர்த்தம்மா, சாறம் குடுத்தது காணாது, நாளைக்கு என்ரை வலையையும் மடிச்சுக் கொண்டுபோய்க் குடு." அவள் சொன்னதில் பிழை இல்லை. றோலரை நிற்பாட்டச் சொல்லிக் அரசாங்க அதிபரின்ரை கச்சேரிக்கு முன்னால் நடந்த போராட்டத்துக்கு அவளோடு ஒரே பஸ்ஸில்தான் போனேன். கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது. வரும்போது அவளே இஞ்சிப் பிளேன்ரீ வாங்கித் தந்தாள்.

நீ இங்கே இல்லாததால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. போன மாசியில் அன்றைக்கு வெளிச்சம் போடாமல் வந்த றோலர் தம்பியின்ரை படகை இடித்து, கூடப்போன முத்துக்குமாரு மண்ணெண்ணெய்க் கலனைப் பிடித்து மிதந்து வந்து சேர்ந்தான். தம்பி வரவில்லை. கரை கரையாகத் தேடினோம். பிறகு சவப்பெட்டி இல்லாமல் பூசை வைத்தோம். அதுவரைக்கும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனின்ரை உடுப்பை எல்லாம் தோய்த்துக் காயப்போட்டு மடித்து வைத்துக்கொண்டு இருந்தேன். போடாத உடுப்பை ஏன் தோய்க்கிறாய் என்று சித்தப்பா ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவன் நனைந்துபோய் வருவான், வந்தவுடனே மாற்ற வேணும் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த விடியக்காலை நான் கொண்டுபோன சேட்டு முதல் நாள் தோய்த்துக் காய்ந்தது.

இன்னும் ஒன்று. அதையும் மறைக்கவில்லை. இந்த மாதம் அவர்களை விட்டுவிட்டார்கள். ஊருக்கு அனுப்ப முதல், அடைத்து வைத்திருந்த மறியலுக்குப் பாதர் பார்க்கப் போனார். அந்தச் சேட்டு ஆருடையது, அவனுக்கு என்ன நடந்தது என்று உள்ளே ஆரோ சந்தியோகுவுக்குச் சொல்லிவிட்டார்களாம். அவன் அதைத் தோய்த்து மடித்து, அம்மாவிடம் கொடுங்கள் என்று பாதரின் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தானாம். பாதர் மோட்டச்சைக்கிளில் கொண்டுவந்து தந்தார்.

வாங்கி மடியில் வைத்திருந்தேன். மறியல் சவுக்காரம் மணத்தது. பச்சை நூல் அப்படியே இருந்தது. அதை நான் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்து உனக்கு அனுப்பியிருந்தால் நீ அன்றைக்கே போன் எடுத்திருப்பாய். அது எனக்குத் தெரியும் மகன். தெரிந்துகொண்டுதான் பாதரிடம் திருப்பிக் கொடுத்தேன். உடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்றேன். அந்தக் கரையில் அவனைப் பார்த்துக்கொண்டு ஒரு தாய் நிற்பாள். அவளின்ரை பிள்ளை அவளுக்கு முன்னால் உலர்ந்த உடுப்போடு போய் இறங்கட்டும். எங்கடை பிள்ளை எந்தக் கரையில் ஒதுங்கினானோ, அங்கே ஆர் இருந்தார்களோ, என்ன கொடுத்தார்களோ, எனக்கு ஒருத்தரும் வந்து சொல்லவில்லை.

சித்தப்பா அன்றைக்குத்தான் வாய் திறந்தார். "நல்ல சேட்டு அது," என்றார். பிறகு முழங்காலுக்குத் தைலம் கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை நான் ஒன்றும் தோய்க்கவில்லை. மிச்ச உடுப்பையும் பாதரிடம் கட்டிக் கொடுத்தேன். தேவைப்படுகிறவர்களுக்குப் போகும்.

வருசப் பூசை மாசி மூன்றாம் ஞாயிறு. பாதரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பேர் வாசிக்கும்போது குடும்பத்தில் ஒருத்தர் எழும்பி நிற்க வேணும். சித்தப்பாவுக்கு முழங்கால் ஏலாது. எனக்கு அந்த நேரம் என்ன நடக்கும் என்று தெரியவில்லை. வந்து என்னை ஏச வேண்டுமென்றால் ஏசு. போனில் ஏசினால் காசு போகும், இங்கே வந்து ஆறுதலாக ஏசலாம்.

அங்கே குளிர் கூட என்று றஜிதா சொன்னாள். நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. தேவதாய் உன்னைத் தன் சீலைக்குள் வைத்துக் காக்கட்டும். அலுமாரியின் நடுத்தட்டைத் துடைத்துப் புதுப் பேப்பர் விரித்து வைத்திருக்கிறேன். உன்ரை உடுப்பை அதில் வைக்கலாம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
சின்னம்மா
லூர்த்தம்மா