பனிப் புனிதர்களும் பிளாஸ்டிக் உறையும்

மே 9, வியாழன். விண்ணேற்றத் திருநாள்

பூசை முடிந்து வரும் வழியில் பால் கூட்டுறவுச் சங்கத்தின் புது அலுவலகத்தைப் பார்த்தேன். மரச் சுவரெல்லாம் நம் தச்சுப் பட்டறையில் செய்து, லாரியில் போய், நான்கே நாளில் கட்டடம் நின்றுவிட்டது. வாசலில் ஒரு பலகை: இந்தக் கட்டடம் இத்தனை டன் கார்பனை மிச்சப்படுத்துகிறதாம். மலைமேல் நின்ற மரம் கீழே வந்து நிற்கிறது, இதற்கு ஒரு விளம்பரம்! அந்தப் பலகையை வைத்தவள் வியன்னாவிலிருந்து நம் பட்டறைக்கு வந்த இன்ஜினியர் ரோன்யா. சுத்தியல் பிடித்த கையாகத் தெரியவில்லை.

மே 11, சனி

சங்க அலுவலகத்தின் உட்கூரைப் பலகைகள் பன்னிரண்டும் ஏறிவிட்டன. ஏற்றும்போது லேசான தூறல். துடைத்து, பிளாஸ்டிக் உறை சுற்றி ஒட்டினார்கள். வண்ணம் பூசாமல் வெறும் மரமாகவே தெரியப்போகும் கூரை. கறை இருந்தால் சங்கம் திருப்பி அனுப்பிவிடும். அனுப்பினால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்கிறார் என் வீட்டுக்காரர் கெப்ஹார்ட்.

மே 12, ஞாயிறு. புனித பங்க்ராஸ்

ரோன்யா வீட்டுக்கே வந்துவிட்டாள். "உறையோட ஓரத்தையாவது கிழிச்சு விடுங்க ஐயா. பலகை மூச்சு விடணும்."

அவர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: "இன்னிலேருந்து நாலு நாள் பனிப் புனிதர்கள் நாள். பத்தொம்பது வருஷமா எழுதி வெச்சிருக்கேன், பதினாறு வருஷம் மழையோ பனியோ விழுந்திருக்கு. தக்காளி நாத்தையே வெளிய வைக்க மாட்டோம், பலகையத் திறப்போமா?"

"போன்ல வெயில்னு காட்டுதும்மா."

"போன் என்ன, ஞானஸ்நானம் வாங்கினதா?"

அவர் சிரித்துவிட்டார். உறை இருக்கட்டும் என்றார். அவள் காப்பியை மிச்சம் வைத்துவிட்டுப் போனாள். பட்டறைப் புத்தகங்களையெல்லாம் அடுப்படியிலேயே படித்தவள் நான். பலகைக்கு மூச்சு என்று எதிலும் பார்த்ததில்லை.

மே 13, திங்கள்

வெயில்.

மே 15, புதன். புனித சோஃபி

இன்றும் வெயில். புனிதர்கள் தாமதிக்கலாம், தவற மாட்டார்கள். ரோன்யா போன் செய்தாள். அவர் வீட்டில் இல்லை என்றேன். தோட்டத்தில் இருந்தார் – தோட்டம் வீடு ஆகுமா?

மே 19, ஞாயிறு. பெந்தெகொஸ்தே

இருபத்தாறு டிகிரி. "திறந்துடலாமா ஹெட்விக்?" என்று கேட்டார். நாளையும் விடுமுறை, யார் ஏறுவது, செவ்வாய் பார்க்கலாம் என்றேன்.

மே 21, செவ்வாய்

திறந்தார்கள். உறைக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். ஏழு பலகைகளில் கறுப்புப் புள்ளிகள். பூசணம்.

அவர் உறைகளைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாமே மனுஷன்! ரோன்யா 'அப்பவே சொன்னேன்' என்பாள் என்று பதிலோடு காத்திருந்தேன். அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். "ஆழமா இறங்கல. காயவெச்சு உப்புத்தாள் போட்டா போயிடும். திங்கக்கிழமை சங்கத்துக்காரங்க பாக்க வர்றாங்க. ஆள்தான் பத்தாது."

ஆள் பத்தாதாம். என்னைப் பார்த்தா சொன்னாள்?

மே 26, ஞாயிறு. மூவொரு கடவுள் பெருவிழா

பூசை மணி அடித்தபோது சாரத்தின் மேல் இருந்தேன், முகமூடியும் அண்ணாந்த கழுத்துமாக. ஆறாவது பலகை. பக்கத்தில் ரோன்யா.

"மர ரேகை போற பக்கமே தேயுங்கம்மா. குறுக்க போனா கீறல் விழும்."

எனக்குத் தெரியாதா என்று வாய்வரை வந்தது.

"இப்படியா?" என்று கேட்டேன்.