அக்காவுக்குக் கொடுத்த கஷாயம்

என் உயிரான அக்காவுக்கு,

உன் மகள் ரேவதிக்கும் கண் சிவந்திருக்கிறது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் முதல் வரியிலேயே கொட்டிவிட்டேன், திட்டாதே.

மெட்ராஸ் ஐ என்றுதான் நினைத்தாள். விழுப்புரத்தில் மெடிக்கல் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு காலேஜுக்குப் போனாள். வெளிச்சத்தைப் பார்த்தாலே கண் கூசி அழுதபோது உடனே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உனக்கும் கண் கூச்சத்தில்தானே ஆரம்பித்தது?

டாக்டரம்மா கருவியில் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் வெள்ளை அணுக்கள் மிதப்பதாகச் சொன்னார். கிருமியோடு சண்டை போட வேண்டியவை, கிருமியே இல்லாத கண்ணுக்குள் புகுந்து கண்ணையே புண்ணாக்குகின்றனவாம். "அதுங்கள அடக்கத்தாம்மா மாத்திரை. சிவப்பு போயிடுச்சின்னு நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார். உன்னிடமும் இதையேதான் சொன்னார்கள்.

அன்று நான் என்ன செய்தேன்? எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை என்று கேள்விப்பட்டதும், பெரிய மேதாவி போல அதை நிறுத்தச் சொன்னேன். எதிர்ப்பு சக்தி ஏறட்டும் என்று கஷாயம் காய்ச்சி, வாராவாரம் பாட்டிலோடு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். நீயும் நம்பிக் குடித்தாய். மூன்றாவது மாதம் உன் இடது கண் போனது. யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்டபோது, "நானாத்தான் நிறுத்தினேன்" என்றாய். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ காய்ச்சலில் போய்ச் சேரும்வரை அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. ஏன் அக்கா, என்மேல் உனக்குக் கோபமே வரவில்லையா?

இப்போது மாத்திரையால் ரேவதிக்கு முகம் உப்பிவிட்டது. காலேஜில் கிண்டலாம். போன ஞாயிற்றுக்கிழமை மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

"அம்மாவே வேணாம்னு நிறுத்திடுச்சே சித்தி. ஒரு கண்ண வெச்சிக்கினே எல்லா வேலையும் பண்ணிக்கினு இருந்துச்சில்ல?"

அதற்குமேல் எனக்கு மறைக்கத் தெம்பில்லை. "உங்கம்மாவா நிறுத்தல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றேன். கஷாயம் முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய்க் குப்பைக்கூடையிலிருந்து அட்டையை எடுத்தாள்.

நான்கு நாளாக என்னோடு பேச்சில்லை. மாத்திரையை மட்டும் என் எதிரில் நின்று விழுங்கிவிட்டுப் போகிறாள்.

அவள் கண் பிழைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, டாக்டரம்மாவே சொல்லவில்லை. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறாது என்று உறுதி சொல்கிறேன். ஒவ்வொரு செக்கப்புக்கும் நான்தான் கூட்டிப்போவேன். அவள் என்னை வெறுத்துக்கொண்டே வரட்டும், அக்கா. எனக்கு அது போதும்.

கடைசிவரை நீ காட்டிக்கொடுக்காத
உன் தங்கச்சி