சாமுவேல் விட்டுப்போன கத்தி

பகாவ், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஆரோனுக்கு,

மாதாவின் காவல் உன்மேல் இருக்கட்டும். அப்பாவுக்கு முட்டிவலி, மற்றபடி இருக்கிறோம். உன் விலாசம் எங்களுக்குத் தெரியாததால், லண்டன் வரும் பக்கத்து வீட்டுத் திலகாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவளையாவது நேரில் போய்ப் பார்.

போனில் பாதிதான் சொன்னேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் அப்பாவின் கீழ் குலை வெட்டிக்கொண்டிருந்த ஆப்பிரிக்க வாலிபன் சாமுவேல் இறந்துவிட்டான். அரிவாள் கட்டிய அலுமினியக் கழி மின்கம்பியில் பட்டுவிட்டது. அப்பா ஓடிப்போனபோது கைகள் கரிந்து கிடந்தானாம்.

அவன் வைத்திருந்தது வேறொருவனுடைய பாஸ்போர்ட். சாமுவேல் என்ற அந்தப் பெயருக்குரியவன் ஊரில் உயிரோடு இருக்கிறான் என்று தூதரகத்தில் சொல்லிவிட்டார்கள். பிரேதத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, பெயர் எழுதிச் சிலுவை நட்டோம்.

அவன் துணிகளுக்குள் ஒரு பழைய கத்தி கிடந்தது. சாண் நீளம். தோல் உறைக்குப் பின்னால் ஒரு தோல் வளையம். அப்பா இடைவாரில் மாட்டிப் பார்த்தார், சேரவில்லை. இதை வைத்தாவது அவன் ஊரைக் கண்டுபிடித்து அவனைப் பெற்றவளுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் உனக்குப் படம் அனுப்பி, அங்கே அருங்காட்சியகத்தில் கேட்கச் சொன்னேன். "அங்கெல்லாம் பேரு, ஐசி கார்டெல்லாம் கேப்பாங்கம்மா, நான் போகமுடியாது லா" என்றாய். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பிறகு உன் சித்தி மகள் எலெய்ன் அந்த அருங்காட்சியகத்துக்கு ஈமெயில் போட்டாள். பதில் வந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய கத்தியாம். நைஜீரியாவின் வடபகுதியில் இருக்கும் ஹவுசா மக்களுடையதாம். வளையம் இடுப்புக்கு இல்லை, கைக்கு. இடது முன்கையில் மாட்டி, சட்டைக் கைக்குள் மறைத்துக்கொள்வார்களாம். ஆனால் இந்த மாதிரிக் கத்திகள் சந்தை சந்தையாக நாடு தாண்டிப் போயிருக்கின்றன, இதை வைத்து ஆளின் ஊரைச் சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்த ஜனங்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்றாள் எலெய்ன். கிறிஸ்துமஸுக்கு நான் வைத்த பன்றிக்கறியை அவன் தொடவேயில்லை. "கூச்சப்படுறான், இன்னும் கொஞ்சம் வை" என்று அப்பா சொல்ல, நான்தான் அள்ளிப் போட்டேன். அவன் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, சோற்றில் ரசம் ஊற்றித் தின்றான். சாமுவேல் என்று கூப்பிட்டால் சில நேரம் திரும்பக்கூட மாட்டான். களைப்பு என்று நினைத்தோம்.

அவனை எடுத்து அவர்கள் முறைப்படி அடக்கலாமா என்று ஃபாதரிடம் கேட்டேன். நிச்சயமாகத் தெரியாமல் எதையும் தோண்ட முடியாது என்றார். நேற்று அப்பா போய்ச் சிலுவையைப் பிடுங்கிவிட்டார். அதுவும் தப்பாக இருந்தால் என்று மனசு கேட்காமல் அவரே திரும்ப நட்டார். பெயரை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டோம். அவனைப் பெற்றவள் இன்னும் அவன் போனுக்குக் காத்திருப்பாள்.

நீ அங்கே என்ன பெயரில் இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். கூட வேலை செய்கிற ஒருத்தரிடமாவது, உன் பேர் ஆரோன், அப்பா கேப்ரியல், அம்மா இசபெல், ஊர் பகாவ் என்று சொல்லி வை ஐயா. வரமுடிந்தால் வந்துவிடு. வெறுங்கையோடு வந்தாலும் போதும்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடும்
அம்மா,
இசபெல்